சிரிக்கும் மனிதனுக்குப் பிறகு: கோஸ்ட் இன் த ஷெல் 2045 எங்கே சறுக்கியது?

1984 மார்ச் 18, ஞாயிறு இரவு. ஜப்பானின் நிஷினோமியா நகரில் ஒரு வீட்டுக்குள் முகமூடி போட்ட ஆட்கள் புகுந்தார்கள். பிள்ளைகளோடு குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரை உடுத்தத் துணிகூடத் தராமல் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் எசாகி கிளிகோ என்ற பெரிய மிட்டாய் நிறுவனத்தின் தலைவர். மூன்று நாள் கழித்து, அடைத்து வைத்திருந்த கிடங்கிலிருந்து அவரே தப்பி வந்துவிட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. 'இருபத்தொரு முகப் பூதம்' என்ற பெயரில் போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் கேலிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. கடை அலமாரிகளில் சயனைடு கலந்த மிட்டாய்கள் கிடைத்தன. மிரட்டல் மொரினாகா உள்பட மற்ற உணவு நிறுவனங்களுக்கும் பரவியது. ஒன்றரை ஆண்டு ஜப்பானையே ஆட்டிவைத்துவிட்டு, 1985 ஆகஸ்ட்டில் "இனிமேல் செய்ய மாட்டோம்" என்பதுபோல் ஒரு கடிதத்தோடு அந்தக் கூட்டம் மறைந்துபோனது. ஒருவர்கூடப் பிடிபடவில்லை. 2000-ஆம் ஆண்டோடு வழக்கின் காலவரம்பும் முடிந்துவிட்டது.

ஒரு அனிமே தொடரைப் பற்றிப் பேச வந்துவிட்டு எதற்கு இந்தப் பழைய குற்றக்கதை என்று கேட்கலாம். நான் சொல்ல வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2002 அக்டோபரில் ஜப்பானில் 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. மனிதர்களின் மூளையும் கண்ணும் வலையோடு இணைந்துவிட்ட எதிர்காலத்தில் நடக்கும் போலீஸ் கதை அது. அதன் முதல் சீசனின் மையக் குற்றம் இது: செரானோ என்ற நுண்ணியந்திர நிறுவனத்தின் தலைவரை ஒரு இளைஞன் துப்பாக்கி முனையில் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் இழுத்து வருகிறான். "உண்மையைச் சொல்" என்கிறான். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் அவன் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை. அங்கிருந்த எல்லோருடைய கண்களையும் எல்லாக் கேமராக்களையும் அந்தக் கணத்திலேயே ஹேக் செய்து, தன் முகத்தின்மேல் தொப்பி போட்ட ஒரு சிரிப்புச் சின்னத்தை ஒட்டிவிட்டான். ஊர் அவனுக்கு 'சிரிக்கும் மனிதன்' என்று பெயர் வைத்தது. அதற்கப்புறம் அதே சின்னத்தோடு பல நிறுவனங்களுக்கு மிரட்டல் வருகிறது. ஆறு வருடமாகியும் ஆள் சிக்கவில்லை. கிளிகோ வழக்கின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து 2030-இல் நிறுத்தியிருந்தார்கள். அந்த வழக்கைச் செய்திகளில் பார்த்து வளர்ந்த ஜப்பானியர்களுக்கு இது முதல் பார்வையிலேயே புரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு தொடருக்கு, அதன் கடைசிப் படம் 2006-இல் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2020 ஏப்ரல் 23 அன்று, நெட்ஃபிளிக்ஸில் தொடர்ச்சி வந்தது: 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் 2045'. பன்னிரண்டு எபிசோட். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2022 மே மாதம் இன்னும் பன்னிரண்டு. பழைய ரசிகர்களில் பெரும்பாலோர் முதல் எபிசோடிலேயே மனம் உடைந்துபோனார்கள். நானும் அதில் ஒருவன். முதல் தடவை நான்காவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். பிறகு முழுசாக இரண்டு முறை பார்த்திருக்கிறேன், ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்வதற்காகவே. (இனி வருவதில் மூன்று தொடர்களின் கதையும் வெளிப்படும். பார்க்காதவர்கள் முதல் சீசனை மட்டுமாவது பார்த்துவிட்டு வருவது நல்லது.)

பிடித்த தொடருக்கு ஏமாற்றமான தொடர்ச்சி வந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "வேற ஆள் எடுத்தான், அதான் கெட்டுப்போச்சு." இங்கே அது செல்லாது. 2002 தொடரின் இயக்குநர் கெஞ்சி கமியாமாதான் 2045-க்கும் இயக்குநர். ஷின்ஜி அராமாகி அவரோடு சேர்ந்து இயக்கினார். தயாரிப்பில் அதே புரொடக்ஷன் ஐ.ஜி. இருந்தது, சோலா டிஜிட்டல் ஆர்ட்ஸ் கூடச் சேர்ந்தது. கதையின் மையம் பொதுப் பாதுகாப்புப் பிரிவு 9 என்ற சிறப்புப் போலீஸ் பிரிவு; அதன் ஆட்களின் குரல்களும் அதே குரல்கள். மேஜர் மொட்டோகோ குசனாகிக்கு அட்சுகோ தனாகா, பாட்டோவுக்கு அகியோ ஓட்சுகா, டோகுசாவுக்குக் கொய்ச்சி யமதேரா, பிரிவின் கிழட்டுத் தலைவருக்கு ஒசாமு சாகா, டச்சிகோமா என்ற, பேசும் சிறு டாங்கி இயந்திரங்களுக்குச் சகிகோ தமகாவா. இத்தனை வருடம் கழித்து ஒரு அனிமேவுக்கு இவ்வளவு பேரும் திரும்பி வருவது அபூர்வம். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டால் பழைய பொதுப் பாதுகாப்புப் பிரிவு 9 அப்படியே அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஏமாற்றம் இவ்வளவு வலித்தது. யார்மேலும் பழி போட முடியவில்லை.

இரண்டாவது காரணம், எல்லோரும் சொல்வது, சிஜி. முழுத் தொடரும் முப்பரிமாணக் கணினி வரைகலையில், நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து எடுக்கப்பட்டது. பாத்திர வடிவமைப்பு இல்யா குவ்ஷினோவ் என்ற ரஷ்ய ஓவியருடையது. தாளில் அவர் வரையும் முகங்கள் அழகானவை. சிஜி பொம்மையாக ஆனதும் மேஜர் பழைய நாற்பது வயது அதிகாரத்தோடு இல்லாமல், கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மைபோல ஆகிவிட்டாள். இந்தக் குறை உண்மை. ஆனால் சிஜி என்றாலே பழைய ரசிகர்களுக்கு ஆகாது என்று சொல்வது சரியில்லை. 2002 தொடரின் முதல் சீசன் டைட்டில் காட்சி முழுவதும் சிஜிதான். ஒரிகாவின் குரலில் யோகோ கன்னோவின் பாட்டு ஓட, மேஜர் கட்டடங்களுக்கு நடுவே பாயும் அந்தக் காட்சி இன்று பார்த்தால் பழசாகத் தெரிகிறது, ஆனாலும் நாங்கள் யாரும் அதைத் தாண்டி ஓட்டியதில்லை. டச்சிகோமாக்களும் அப்போதே கணினியில் செய்தவைதான்.

சிஜியில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. பழைய தொடரில் ஆட்கள் அசையாமல் இருப்பார்கள். கையால் வரைந்த அனிமேவில் ஒவ்வொரு அசைவுக்கும் காசு செலவு, அதனால் பேசும் காட்சிகளில் வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும். அந்த அசைவின்மை ஒரு போலீஸ் தொடருக்குப் பெரிய பலமாக அமைந்தது. மேசைக்குப் பின்னால் தலைவர் அராமாகி (இயக்குநருக்கும் அதே குடும்பப்பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்) விரல்களைக் கோத்து உட்கார்ந்திருக்க, எதிரே மேஜர் கைகட்டி நின்றபடி ஒரு அமைச்சரின் ஊழலைப் பற்றிப் பேசும்போது, அந்த அசையாத படமே யோசனையின் எடையைச் சுமந்தது. அசைவுப் பதிவில் எடுத்தால் மனித உடம்பு ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. தோளைக் குலுக்கும், தலையைச் சாய்க்கும், கையை விரிக்கும். 2045-இல் எல்லோரும் பேசும்போது இலேசாக ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். ரொம்ப நாள் எனக்கு இதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. பழைய தொடரின் எபிசோட் ஒன்றையும் புதியதின் எபிசோட் ஒன்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இசையிலும் இழப்பு உண்டு. கன்னோ இல்லை. நொபுகோ தோடாவும் கசுமா ஜின்னோச்சியும் திறமையானவர்கள், ஆனால் அவர்களுடைய இசை காட்சிக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கிறது, கன்னோவுடையதுபோல முன்னால் வந்து கையைப் பிடித்து இழுப்பதில்லை.

சரி, படமும் இசையும் சறுக்கின என்றே வைத்துக்கொள்வோம். கதை நின்றிருந்தால் நாம் இரண்டையும் மன்னித்திருப்போம். கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதில் நடந்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மூலம் மசமுனே ஷிரோவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை), 1989-இல் தொடங்கியது. 1995-இல் மமோரு ஓஷி அதைப் படமாக எடுத்தார். ஓஷியின் படம் உள்ளே பார்த்துக் கேட்ட படம்: என் மூளையும் இயந்திரம், உடம்பும் இயந்திரம் என்றால் 'நான்' என்பது எது? கமியாமா அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்தார். ஒரே நகரத்தில் எல்லோருடைய மூளையும் ஒரே வலையில் இணைந்திருந்தால், ஊர் என்ன ஆகும், அரசு என்ன ஆகும், செய்தி என்ன ஆகும் என்று அவர் வெளியே திரும்பிப் பார்த்தார். 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்ற பெயருக்கு அர்த்தமும் அதுதான். ஒருவரையொருவர் அறியாத தனி ஆட்கள், தலைவன் யாரும் இல்லாமல், ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். எல்லோரும் நகல் எடுக்கிறார்கள், மூலப்பிரதி எங்கும் இல்லை. சிரிக்கும் மனிதனின் பெயரில் மிரட்டியவர்கள் அத்தனை பேரும் போலிகள். முதல் ஆளே, வலையில் யாரோ எழுதி எறிந்த ஒரு மின்னஞ்சலைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினான். 2002-இல் இதை யோசித்திருக்கிறார்கள். ட்விட்டர் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

யோசனை பெரிதாக இருந்தாலும் கதை தரையிலேயே நடக்கும். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

டோகுசாவின் பழைய போலீஸ் நண்பன் ஒருவன் கார் விபத்தில் சாகிறான். சாவதற்கு முன்னால் டோகுசாவுக்குச் சில புகைப்படங்கள் அனுப்பியிருக்கிறான். சாதாரணப் படங்கள், ஆட்கள் சாதாரணமாக இருக்கிறார்கள், ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. டோகுசா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். கடைசியில் அவனுக்கு ஒரு கேள்வி வருகிறது: இந்தப் படங்களை எடுத்த கேமரா எங்கே இருந்தது? அப்படி ஒரு கோணத்தில் எந்தக் கேமராவையும் வைத்திருக்க முடியாது. அவை ஆட்களின் கண்களுக்குள்ளிருந்து எடுத்தவை. போலீஸ் துறை தன் சொந்த அதிகாரிகளின் கண்ணிலேயே அவர்களுக்குத் தெரியாமல் ஒட்டுப்பார்க்கும் நுண்ணியந்திரங்களைப் பதித்திருக்கிறது. அறிவியல் புனைவாக இருந்தும் கண்டுபிடிக்கும் விதம் என்னவோ ஒரு நல்ல துப்பறிவாளன் மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடியதுதான். பெரும்பாலும் இயற்கை உடம்போடு, மனைவி பிள்ளைகளோடு, பழைய ரிவால்வரோடு இருக்கும் டோகுசாவுக்குப் பிரிவு 9-இல் இடம் கிடைத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான்.

இரண்டாவது, அந்த செரானோ விவகாரத்தின் அடி ஆழம். செயற்கை மூளை உள்ளவர்களுக்கு வரும் ஒரு நோய்க்கு மலிவான தடுப்பூசி இருக்கிறது. நுண்ணியந்திரச் சிகிச்சையை விற்கும் நிறுவனங்களுக்காக அதை அதிகாரிகள் அமுக்கிவிட்டார்கள். ஆனால் தங்களுக்கும் தங்கள் ஆட்களுக்கும் மட்டும் ரகசியமாக அதே ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பயனாளிகள் பட்டியலைத் தேடி டோகுசா போகும்போது சுகாதாரத் துறையின் ஆயுதப் படையே வந்து சுடுகிறது. ஜப்பானில் இதைப் பார்த்தவர்களுக்கு 1980-களின் ரத்தப்பொருள் ஊழல் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. சூடேற்றிச் சுத்தம் செய்யாத இறக்குமதி ரத்தப்பொருள்களால் ரத்தம் உறையாமை நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ஆபத்து தெரிந்தும் விற்பனை நிற்கவில்லை. இல்லை என்று சொல்லப்பட்ட கோப்புகள் 1996-இல் அமைச்சகத்துக்குள்ளேயே கிடைத்தன, அப்போதைய சுகாதார அமைச்சர் நவோதோ கான் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கமியாமாவின் எழுத்தாளர் குழு (டாய் சாட்டோ, ஜுனிச்சி ஃபுஜிசாகு, யோஷிகி சகுராய், ஷோட்டாரோ சுகா, யுடாகா ஒமாட்சு) ஒரு கையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு எழுதியதுபோலவே எனக்குத் தோன்றும்.

இரண்டாம் சீசன் 2004 ஜனவரியில் தொடங்கியது. ஜப்பானியப் படை இராக்கின் சமாவா நகருக்குப் புறப்பட்ட அதே மாதம். கதை, போர்களால் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த ஆசிய அகதிகள் முப்பது லட்சம் பேரைப் பற்றியது. அவர்களை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குப் பெயர் தெஜிமா. நாகசாகித் துறைமுகத்தில் பழைய காலத்தில் டச்சு வணிகர்களை ஊருக்குள் விடாமல் ஒதுக்கிவைத்த செயற்கைத் தீவின் பெயர் அது. ஒரே பெயரில் முன்னூறு வருட வரலாறு கதைக்குள் வந்துவிட்டது. 2006-இல் வந்த 'சாலிட் ஸ்டேட் சொசைட்டி' படத்திலோ, படுக்கையில் இயந்திரங்களோடு இணைக்கப்பட்டு யாருமின்றிச் சாகும் முதியவர்களும், காணாமல்போகும் குழந்தைகளும். பிறப்பு குறைந்து முதுமை பெருகும் ஜப்பானின் நேரடிப் பயம்.

இப்போது 2045-க்கு வருவோம்.

தொடக்கம் அமெரிக்கப் பாலைவனம். பிரிவு 9 கலைந்துவிட்டது, மேஜரும் பாட்டோவும் மற்றவர்களும் கூலிப்படையாக வேலை செய்கிறார்கள். உலகத்தின் நிதி அமைப்பு ஒரே நாளில் திவாலாகி, பொருளாதாரத்தை ஓட்ட வல்லரசுகள் 'நீடித்த போர்' என்று ஒரு தொழில் நடத்துகின்றன. ஐ.நா. மொழியிலிருந்து எடுத்த இந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீடித்த வளர்ச்சி என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் நீடித்த போர். யாருக்கு லாபம், யார் கணக்கு எழுதுகிறார்கள், எந்த அமைச்சகம் கையெழுத்துப் போடுகிறது? பழைய குழு இதை மட்டும் வைத்து இருபத்தாறு எபிசோட் ஓட்டியிருக்கும். புதிய தொடரில் அது பின்னணித் திரை மட்டும். முன்னால் நடப்பது பாலைவனத்தில் ஜீப் துரத்தல், துப்பாக்கிச் சண்டை. நான்கு எபிசோட் இப்படியே போகிறது.

அப்புறம் 'போஸ்ட்-ஹியூமன்கள்' வருகிறார்கள். திடீரென்று காய்ச்சல் கண்டு, எழுந்ததும் மனித அளவை மீறிய கணிப்புத் திறன் பெற்றவர்கள். துப்பாக்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டு ஒதுங்குவார்கள். எந்த வலையையும் கணத்தில் உடைப்பார்கள். தொடரின் முறிவு இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சிரிக்கும் மனிதன் நல்ல ஹேக்கர், ஆனால் அவனை உண்டாக்கியது ஒரு நோயும், ஒரு கோப்பும், ஒரு கோபமும். இரண்டாம் சீசனின் கூஸே அகதிகளின் தலைவனானது ஒரு போருக்குப் போய் வந்ததால். அவர்களைப் புரிந்துகொள்ள ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்குத் துப்பறிவாளன் தேவை. போஸ்ட்-ஹியூமனை உண்டாக்கியது ஒரு காய்ச்சல், அதற்குப் பின்னால் அமெரிக்கர்கள் செய்த ஒரு செயற்கை நுண்ணறிவு. காரணம் சமூகத்துக்கு வெளியே போய்விட்டது. எதிரி கடவுள் மாதிரி ஆகிவிட்டால் டோகுசாவின் ரிவால்வரும் புகைப்படங்களும் எதற்கு? பிரிவு 9-க்கு மிஞ்சியது சுடுவது மட்டும்தான். டோகுசாவை மணமுறிவானவனாக, தனியார் காவல் நிறுவன ஊழியனாகக் கொண்டுவந்தார்கள். அவன் வீட்டுக்கு என்ன ஆனது என்று உட்கார்ந்து சொல்லக்கூடத் தொடருக்கு நேரம் இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய நெருப்பு இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது, அதனால் இழப்பு கூடுதலாகத் தெரிகிறது. ஒன்று, 'சிந்தனைப் போலீஸ்' என்ற நிரல். ஷிமாமுரா என்ற பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் எழுதியது. யார்மேலாவது குற்றம் சாட்டு, வலையில் உள்ளவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லட்டும், தண்டனை உடனே அந்த ஆளின் மூளைக்குப் போய்விடும். கும்பல் வழக்காடி, கும்பலே கொல்லும், யார் கையிலும் ரத்தம் இருக்காது. இது அச்சு அசல் ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ். அதுவும் 2020-க்கு ஏற்ற வடிவம். சமூக வலைத்தளத்தில் ஒரு மனிதரைக் கூட்டமாக அடித்து நொறுக்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு சீசனையே தாங்கக்கூடிய இந்தக் கருவைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, ஷிமாமுரா போஸ்ட்-ஹியூமன் என்று தெரிந்ததும் கீழே போட்டுவிட்டார்கள். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், எசாகி பூரின். பூரின் என்றால் ஜப்பானியத்தில் முட்டைப்பால் புட்டிங். எசாகி கிளிகோ நிறுவனம் விற்கும் பிரபலமான பண்டங்களில் ஒன்று புட்டிங். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நிஷினோமியா இரவுதான் நினைவுக்கு வருகிறது. அன்று ஒரு உண்மை வழக்கு முழுக் கதையாக விரிந்தது, இன்று அதன் மிச்சம் ஒரு பாத்திரத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது.

செய்தித்தாளில் விஷயம் இல்லாமல் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. புதிய தொடர் வரும் என்று 2017-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜப்பானில் மொரிதோமோ விவகாரம் வெடித்தது: பிரதமரின் மனைவியோடு தொடர்புள்ள ஒரு தனியார் பள்ளி நிறுவனத்துக்கு அரசு நிலம் அடிமாட்டு விலைக்குப் போனது. 2018 மார்ச்சில், அது தொடர்பான பதினான்கு ஆவணங்களைத் திருத்தியதாக நிதி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. திருத்தும் வேலையில் மாட்டிவிடப்பட்ட ஒரு வட்டார அலுவலக ஊழியர் அதற்குச் சில நாள் முன்னால் தற்கொலை செய்துகொண்டார். மாற்றப்பட்ட கோப்பு, இறந்துபோன நேர்மையான அதிகாரி, அமைச்சகத்தின் மௌனம். டோகுசா கையில் எடுத்திருக்க வேண்டிய கோப்பு இது. இன்னொன்றையும் கவனித்தேன். 2045-இன் முதல் சீசனைச் சுருக்கி 2021 நவம்பரில் திரையரங்கில் வெளியிட்டபோது அந்தத் தொகுப்பை இயக்கியவர் மிச்சிஹிட்டோ ஃபுஜி. அரசின் மூடிமறைப்பைத் தோண்டும் ஒரு பெண் நிருபரைப் பற்றி 2019-இல் படம் எடுத்து, ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருது வாங்கிய அதே ஃபுஜி. அந்த வகைக் கதைக்கு ஜப்பானில் பார்வையாளர்களும் இருந்தார்கள், கலைஞர்களும் இருந்தார்கள்.

அப்படியானால் கமியாமா ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? இங்கிருந்து சொல்வது என் ஊகம்.

உலகம் அவருடைய கற்பனையை எட்டிப் பிடித்துவிட்டது. தலைவன் இல்லாத கும்பல், மூலம் இல்லாத நகல், முகமூடிச் சின்னம் எல்லாம் 2010-களில் அன்றாடச் செய்தி. 2002-இல் முன்னறிவிப்பாக இருந்தது 2020-இல் அறிக்கையாகத்தான் இருந்திருக்கும். முன்னறிவித்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவருக்கு, அடுத்த படி தாண்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வரும். மனிதனுக்கு அடுத்தது என்ன என்று அவர் தாண்டிய இடத்தில் மனிதர்கள் இல்லாமல் போய்விட்டார்கள்.

வேலைப்பளுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கமியாமாவும் அராமாகியும் சேர்ந்து எடுத்த 'அல்ட்ராமேன்' 2019 ஏப்ரலில் வந்தது. சரியாக ஒரு வருடத்தில் 2045-இன் முதல் பாதி. 2021 நவம்பரில் அதே இருவர் இயக்கிய 'பிளேட் ரன்னர்: பிளாக் லோட்டஸ்'. 2022 வசந்தத்தில் அல்ட்ராமேனின் அடுத்த சீசனும் 2045-இன் மறுபாதியும் அடுத்தடுத்த மாதங்களில். மூன்றே வருடத்தில், ஒரே சிஜி முறையில், இரண்டு பேர் தலையில் இத்தனை தொடர்கள். இந்த வேகத்தில் படம் வந்துவிடும். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரு தடுப்பூசிப் பட்டியல் யார் யார் கை மாறியிருக்கும் என்று வாதாடும் நேரம் வராது.

வெளியான விதமும் கதையை மாற்றியிருக்கிறது. பழைய முதல் சீசனின் 26 எபிசோடும் வந்து முடிய ஒரு முழு வருடம் ஆனது, அதுவும் காசு கட்டிப் பார்க்கும் சேனலில். ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் நாட்களில் பார்வையாளனே துப்பறிவாளன் ஆகிவிடுவான். தனிக்கதை எபிசோடுகளும் மையக்கதை எபிசோடுகளும் மாறி மாறி வந்தது அந்தத் தாளத்துக்குப் பொருந்தியது. டச்சிகோமா ஒன்று வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய், தொலைந்த நாயைத் தேடும் ஒரு சிறுமியோடு நடக்கும் எபிசோட் மையக்கதைக்கு நேரடியாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடைசியில் டச்சிகோமாக்கள் பாட்டோவைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கும்போது நாம் அழுவதற்குக் காரணம் அந்த எபிசோட்தான். ஒரே இரவில் பன்னிரண்டையும் இறக்கிவிட்டால், ஒவ்வொன்றும் அடுத்ததை அழுத்தவைக்கும் கொக்கியோடு முடிய வேண்டியிருக்கிறது. நாயைத் தேட நேரமில்லை. அப்படியும் முதல் பாதி, டோகுசா ஒரு சாலையில் நடந்து மறைவதோடு அந்தரத்தில் நின்று, இரண்டு வருடம் காத்திருக்க வைத்தது.

இரண்டாம் பாதியின் முடிவு பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஷிமாமுரா மனிதர்களை ஒரு நிலைக்குக் கொண்டுபோகிறான்: உடம்பு நிஜ உலகத்தில் வழக்கம்போல வேலை செய்யும், மனம் அவரவர் விரும்பிய உலகத்தில் நிம்மதியாக இருக்கும், இரண்டுக்கும் மோதலே வராது. போரும் நின்றுவிடும். இதைத் துண்டிப்பதா வேண்டாமா என்ற முடிவை மேஜர் கையில் விட்டுவிடுகிறான். அவள் என்ன செய்தாள் என்பதை நேராகக் காட்டாமல் முடித்திருக்கிறார்கள். சலித்துப்போய் பாதியில் விட்டவர்கள் இந்தக் கடைசி எபிசோடையாவது பார்க்க வேண்டும். கேள்வி பெரியது, எடுத்த விதமும் அடக்கமானது. ஆனால் அங்கே போய்ச் சேர வந்த வழியில் யாருடைய வாழ்க்கையையும் நாம் பார்க்கவில்லை. எந்த ஊர் மயங்கிக் கிடக்கிறது, யாருடைய துயரம் நின்றது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

2024 ஆகஸ்ட்டில் அட்சுகோ தனாகா 61 வயதில் காலமானார். 1995 முதல் மேஜரின் குரலாக இருந்தவர். சயன்ஸ் சாரு ஸ்டூடியோ புதிய தொடர் ஒன்றை 2026-க்கு அறிவித்தது. தனாகா மேஜராகப் பேசிய கடைசித் தொடர் 2045 என்றாகிவிட்டது. அவர் இறந்த செய்தி வந்த வாரம்தான் நான் இதை இரண்டாவது முறையாக முழுசாகப் பார்த்தேன்.

கடைசியில் சொல்கிறேன் என்று நிறுத்தியது ஏழாவது எபிசோட். பாலைவனமெல்லாம் முடிந்து ஜப்பானுக்குத் திரும்பிய பாட்டோ ஒரு வங்கிக்குப் போகிறான். உலகப் பொருளாதாரச் சரிவில் வாழ்நாள் சேமிப்பு கரைந்துபோன முதியவர்கள் அதே நேரத்தில் அந்த வங்கியைக் கொள்ளையடிக்க வந்திருக்கிறார்கள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்றுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. பெரிய சதி எதுவும் வரவில்லை, போஸ்ட்-ஹியூமன் யாரும் வரவில்லை. நீடித்த போர், திவால் என்று தொடர் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் இந்த ஒரு அறைக்குள்தான் முதல்முறையாக மனிதர்கள்மேல் வந்து விழுகிறது. சட்டத்தின் பக்கம் நிற்க வேண்டிய பாட்டோ அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான், கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் சாய்கிறான். அந்த இருபத்தைந்து நிமிடம் முகங்கள் பொம்மையாக இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.